ஆயிரம் இலைக் கல்யாணத்தின் பின்வாசல் கணக்கு

தை, ஆவணி முகூர்த்த நாட்களில் திருநெல்வேலிப் பக்கம் பாளையங்கோட்டையிலும் வண்ணார்பேட்டையிலும் ஒரு மண்டபம்கூடச் சும்மா கிடக்காது. மதியம் மூன்று மணிக்குப் பந்தி ஓய்ந்த பிறகு ஆக்குப்புரை என்கிற சமையல் கொட்டகையில் ஓர் அண்டாச் சோறும் அரை அண்டா சாம்பாரும் மிஞ்சி நிற்கும். அதைப் பார்த்ததும் கல்யாண வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு மனசு கேட்காது. "இம்புட்டும் வீணாப் போவுதேடே, ஏதாவது இல்லத்துக்குப் போனப் போடு" என்பார். நல்ல மனசுதான். ஆனால் அவர் போன் போடும் குழந்தைகள் இல்லத்திலோ முதியோர் இல்லத்திலோ மதியச் சாப்பாடு எப்போதோ முடிந்திருக்கும். அதே நாளில் வேறு மண்டபங்களிலிருந்தும் அங்கே போன் போயிருக்கும்.

இல்லாதவர்கள் இருக்கிற ஊரில் இருபது வகை வைத்து விருந்து போடலாமா என்ற கேள்வி, நம் பக்கத்தில் பெரும்பாலும் இந்த மூன்று மணிக்குத்தான் எழும்புகிறது. அதற்கு முன்னால் எழும்பினால் "நம்ம காசு, நம்ம புள்ள கல்யாணம்" என்று யாராவது வாயை அடைத்துவிடுவார்கள். விருந்து போடுவதில் தப்பில்லை என்பதே எங்கள் கட்சி. ஊரும் உறவும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதை வேண்டாம் என்கிற தர்மம் நமக்கு ஒட்டாது. ஆனால் அந்தச் செலவில் பணம் யார் கைக்குப் போகிறது, யாருக்குச் சேர வேண்டியது குறைகிறது, நம்மைப் பார்த்து யார் கடன் வாங்குகிறார்கள் என்பதையெல்லாம் பத்திரிகை அடிக்கும் முன்பே பார்த்துவிட முடியும். கல்யாணங்களை முன்னின்று நடத்திக் கொடுப்பவர்களுக்குக் கைவந்த கணக்குகள் இவை.

தலை எண்ணிக்கையிலிருந்து தொடங்குவோம். உண்மையில் 1000 பேர் வரக்கூடிய கல்யாணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெண் வீட்டார் "குறைஞ்சுரக் கூடாது" என்று 100 கூட்டிச் சொல்வார்கள். மாப்பிள்ளை வீட்டார் அவர்கள் பங்குக்கு 100. காதில் 1200 என்று வாங்கிய சமையல் மாஸ்டர், "சோறு பத்தலைன்னா எம் பேருல்லா கெடும்" என்று பத்தில் ஒரு பங்கு ஏற்றுவார். கடைசியில் 1320 பேருக்கு உலை ஏறும். மூன்று தரப்பும் அவரவர் நியாயப்படிதான் நடந்தார்கள். 320 பேர் சாப்பாடு மிச்சம். ஆகவே எண்ணிக்கை சொல்வதற்கு இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஓர் ஆள் வேண்டும். "இதுல கூட்டுனதும் சேர்ந்துருக்கு அண்ணாச்சி, நீங்க மேல கூட்டாதீங்க" என்று மாஸ்டரிடம் வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும். சொல்லாவிட்டால் அவர் கூட்டத்தான் செய்வார்.

அந்த ஆள் எண்ணிக்கையை எங்கிருந்து எடுப்பது? பத்திரிகை எத்தனை அடித்தோம் என்பதை வைத்து ஒன்றும் தெரியாது. வீட்டில் கடைசியாக நடந்த விசேஷத்தின் மொய் நோட்டை எடுங்கள். பெயர்களை உள்ளூர், பக்கத்து ஊர், தூரத்து ஊர் என்று பிரியுங்கள். உள்ளூர்க்காரர்கள் முந்தின நாள் வரவேற்புக்கே வந்து மொய் எழுதிவிட்டால், மறுநாள் முகூர்த்தத்துக்கு வீட்டுக்கு ஓர் ஆள் எட்டிப் பார்ப்பார். அம்பாசமுத்திரம், நாங்குநேரி தூரத்து ஆட்கள் முகூர்த்தத்துக்கு இரண்டு பேராக வருவார்கள். சென்னை, கோவையிலிருந்து வருகிறவர்கள் குடும்பத்தோடு வந்து மூன்று வேளையும் இருப்பார்கள். வரவேற்புக்கும் முகூர்த்தத்துக்கும் ஒரே எண்ணிக்கையைச் சொல்வதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு. அன்றைக்கு ஊரில் வேறு பெரிய வீட்டுக் கல்யாணம் இருக்கிறதா, பிளஸ் டூ பரீட்சை நடக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

அரிசி 100 இலைக்கு 10 கிலோ என்பது மதியச் சாப்பாட்டுக்குப் பழகிய கணக்கு. காலை டிபன் கனமாக இருந்தால் 9 கிலோ போதும். 1000 இலைக்கு 100 கிலோ என்றால் அதை மூன்று ஈடாக வடிக்கச் சொல்லுங்கள். முதல் ஈடு 60 கிலோ. இரண்டாம் பந்தி உட்காரும்போது அடுத்த 20. கடைசி 20 கிலோவுக்கு உலை மட்டும் கொதித்துக்கொண்டு இருக்கட்டும். மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தையும் வெளியே நிற்கும் வண்டிகளையும் ஒருவர் பார்த்துவந்து சொன்ன பிறகு அரிசி களையலாம். உலை கொதித்தபடி இருந்தால் சோறு வடிந்து இறங்க முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகாது. ஒரு பந்தி சாப்பிட்டு எழுந்திருக்கவும் ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும். மாஸ்டர்கள் இதற்கு முணுமுணுப்பார்கள். ஒரே மூச்சில் வடித்து இறக்கிவிட்டால் அடுப்படி ஆட்களுக்குக் காலையிலேயே வேலை முடியும் என்பது அவர்கள் கணக்கு. கூடுதல் நேரத்துக்குக் கூலி பேசிவிட்டால் முணுமுணுப்பு நின்றுவிடும்.

இப்படிச் செய்தால் மிஞ்சுவது பெரும்பாலும் பிரிக்காத அரிசி மூட்டையாக இருக்கும். பிரிக்காத மூட்டையையும் எண்ணெய் டின்னையும் திருப்பி எடுத்துக்கொள்வதாக மளிகைக் கடை அண்ணாச்சியிடம் முதலிலேயே பேசி வையுங்கள். யாருக்காவது கொடுப்பதென்றாலும் அரிசியாக, பருப்பாகக் கொடுத்தால் வாங்குகிறவர் தனக்கு வேண்டிய நாளில் வேண்டிய அளவு ஆக்கிக்கொள்வார். சோறாகக் கொடுத்தால் அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் அவர் பசித்திருக்க வேண்டும்.

மறுவீட்டில் போடும் சொதி, அதாவது தேங்காய்ப் பால் குழம்புச் சாப்பாட்டுக்கு, ஈடு ஈடாக ஆக்கும் இந்தத் தந்திரம் அப்படியே ஓடாது. நாலைந்து பேருக்கு ஒரு தேங்காய் என்று போட்டால் 200 பேருக்கு 40 முதல் 50 தேங்காய். மூன்றாம் பாலில் காய் வெந்து, இரண்டாம் பால் கொதித்து, முதல் பால் ஊற்றியதும் அடுப்பை அணைத்து, சூடு தணிந்த பிறகு எலுமிச்சை பிழிய வேண்டும். முதல் பால் சேர்த்த சொதியைத் திரும்பக் கொதிக்கவிட்டால் திரிந்துபோகும். அதனால் இரண்டாம் பால் வரைக்கும் கொண்டுவந்து பாதியைத் தனிப் பாத்திரத்தில் நிறுத்திவைத்து, ஆள் வருவதைப் பார்த்து முதல் பால் சேர்ப்பது நல்லது. பிழிந்த முதல் பாலை ஐஸ் பெட்டியில் வைக்கவேண்டும். ஆக்குப்புரை வெக்கையில் வெளியே வைத்தால் ஒரு மணி நேரத்தில் வாடை வந்துவிடும்.

இலையில் வீணாவதற்குக் காரணம் வேறு. ஆள் உட்காரும் முன்பே எல்லாவற்றையும் விளம்பி வைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. பந்தி சீக்கிரம் சுற்றும் என்பார்கள். கத்தரிக்காய் பிடிக்காதவர் இலையிலும் கத்தரிக்காய், ஐந்து வயதுப் பிள்ளைக்கும் பெரியவர் அளவு. வகை கூடக் கூட இது பெருகும். ஒரு பேச்சுக்கு, 20 வகையில் ஒவ்வொன்றிலும் 15 கிராம் இலையில் நின்றால், இலைக்கு 300 கிராம். 1000 இலைக்கு 300 கிலோ. வகையைப் பன்னிரண்டாகக் குறைத்தால் விருந்தின் மரியாதை குறையாது. இஞ்சிப் பச்சடியும் அவியலும் நன்றாக இருந்தால், மூன்றாவது இனிப்பு இல்லை என்று யாரும் ஊர் போய்ச் சொல்லப்போவதில்லை. முதல் தடவை அரைக் கரண்டி, இரண்டாம் தடவை முகத்தைப் பார்த்துக் கேட்டு என்று விளம்புகிறவர்களிடம் சொல்லிவிட வேண்டும். "சித்தப்பா, இன்னும் கொஞ்சம் அவியல் வைக்கட்டா?" என்று வீட்டு ஆள் ஒருவர் வரிசைக்கு வரிசை விசாரித்து வந்தால் அதுதான் உபசாரம். வாளியைச் சாய்ப்பதற்குப் பெயர் உபசாரம் என்றால் இயந்திரத்தை வைத்துக்கொள்ளலாமே. பிள்ளைகளுக்குச் சின்ன இலை. தண்ணீருக்கு டம்ளரும் ஜக்கும்; பாட்டில் வைத்தால் பாதி குடித்த பாட்டில்களை எடுத்துப்போட தனியாக ஆள் வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் கொஞ்சம் மிஞ்சும். அதில் எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்பதில்தான் நல்ல மனசுக்காரர்கள் சறுக்குகிறார்கள். பந்திக்குப் போய்த் திரும்பிய வாளியில் இருப்பது கொடுப்பதற்கு உரியதல்ல. பத்துக் கை பட்ட கரண்டி, இலையில் முட்டிய கரண்டி எல்லாம் அதற்குள் போயிருக்கும். ஆக்குப்புரையை விட்டு வெளியே வராத பாத்திரத்தில் இருப்பதை மட்டும் கணக்கில் எடுங்கள்.

வெறும் சோறு ஆபத்தில்லாதது என்று நினைப்பார்கள். வடித்து இறக்கிய சோறு ஆறி வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் பாசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி அதில் பெருகும். அதன் வித்துகள் கொதிக்கிற உலையிலும் சாகாது. அது உண்டாக்கும் நஞ்சு, திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. வாந்திக்கு அதுதான் காரணம். "சூடு பண்ணித்தானே கொடுத்தோம்" என்று பிறகு சொல்லிப் பயனில்லை. சூடான உணவு 60 டிகிரி செல்சியசுக்கு மேல் இருக்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் வாயில் போய்ச் சேர வேண்டும். அண்டாவை இறுக மூடி ஆட்டோவில் ஏற்றுவதும் தப்பு. மூடியில் வேர்த்த தண்ணீர் சொட்டி மேல் சோறு நொசநொசத்துப் போகும். சூடு தாங்கும் டப்பாவில் அடைத்து உடனே அனுப்புங்கள், இல்லையென்றால் அனுப்பாதீர்கள்.

சாம்பார், ரசம் தளதளவென்று ஐந்து நிமிஷம் கொதிக்கவிட்டு அனுப்பலாம். வற்றல் குழம்பு தாங்கும். அவியல், தேங்காய் அரைத்த கூட்டு, சட்னி, தயிர்ப் பச்சடி, பால் பாயசம், சொதி எதுவும் மதியம் தாண்டி வேண்டாம். லட்டு, அதிரசம், மிக்சர், பொரிக்காத அப்பளம், வாழைப்பழம் இவற்றுக்கு அவசரம் கிடையாது. மறுநாள் பகலில் நிதானமாகக் கொண்டுபோகலாம். மிச்ச உணவை மீட்டு வழங்குவதற்கென்றே இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-ல் தனி விதிமுறை கொண்டுவந்தது. ஆக்கிய நேரத்தையும் பொருளின் பெயரையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி டப்பாவில் ஒட்டினால், வாங்குகிறவர்களுக்கு வைப்பதா கொட்டுவதா என்று முடிவு செய்ய உதவும்.

இல்லங்களுக்குக் கொடுப்பதென்றால் பத்து நாள் முன்பே நேரில் போய்க் கேளுங்கள். மதியச் சாப்பாடு எத்தனை மணிக்கு, வெளிச் சாப்பாடு வாங்கலாமா, முதியோரில் எத்தனை பேருக்குச் சர்க்கரை, அந்தத் தேதிக்கு வேறு யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று கேட்டால் அவர்களே வழி சொல்வார்கள். முகூர்த்த நாளில் மூன்று மண்டபத்துச் சோறு வந்து குவியும்; அடுத்து வரும் வெறும் வாரத்தில் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, ஆகவே மிச்சமும் கிடையாது. அந்த மாதங்களில் ஒரு நாள் சாப்பாட்டுச் செலவை ஏற்றுக்கொண்டால் அவர்களுக்கு நிஜமான உதவி. குழந்தைகள் இல்லம் என்றால் போட்டோ எடுக்காதீர்கள்; பராமரிப்பில் இருக்கும் குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடுவதை 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் தடுக்கிறது. சட்டத்தை விடுங்கள், கையில் தட்டோடு கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னால் நம் வீட்டுப் பிள்ளை சிரிக்குமா?

கொடுக்கிற பொருளிலும் யோசனை வேண்டும். தமிழ்நாட்டு ரேஷனில் 2011 ஜூன் முதல் அரிசிக்குக் காசில்லை. ஏழை வீடுகளில் மாசக் கடைசியில் தட்டுப்பாடாவது பருப்பு, எண்ணெய், பால், முட்டை, பிறகு மருந்துச் செலவும் வீட்டு வாடகையும். ஐந்து கிலோ அரிசிப் பையை அச்சடித்த பெயரோடு கொடுப்பதைவிட இரண்டு கிலோ துவரம் பருப்பும் ஒரு லிட்டர் நல்லெண்ணெயும் பேசாமல் கொடுத்தால் அடுப்பில் ஏறும்.

இனி கூலி. அன்னதானம், தண்ணீர்ப் பந்தல், கோயில் கொடைச் சோறு என்று தாராளத்துக்குப் பேர்போன ஊர் நம்முடையது. கூலி என்று வரும்போதுதான் கை சுருங்கும். 1999 ஜூலை 23 அன்று, கூலி உயர்வு கேட்டும் சிறையில் இருந்த சகதொழிலாளர்களை விடுவிக்கக் கேட்டும் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் வந்தார்கள். போலீஸ் தடியடியில் தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டு 17 பேர் செத்தார்கள். அவர்கள் யாரும் தர்மம் கேட்டு வரவில்லை. அன்னதானத்துக்கு எழுதுகிற பேனாவே கூலிக்கு எழுதும்போது ஏன் மக்கர் பண்ணுகிறது என்று இந்த ஊரில் இருக்கிறவர்கள் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

1000 இலைப் பந்திக்குப் பின்னால் எத்தனை கை இருக்கிறது என்று எழுதிப் பாருங்கள். மாஸ்டர், அவர்கூட எட்டுப் பத்து அடுப்படி ஆட்கள், விடியுமுன் வந்து காய் வெட்டித் தேங்காய் திருவும் பெண்கள், விளம்புகிற இருபது பேர், இலை எடுக்கிறவர்கள், பாத்திரம் தேய்க்கிறவர்கள், கக்கூஸ் கழுவுகிறவர்கள், வாட்ச்மேன், நாதஸ்வரம் தவில் கோஷ்டி, பூக் கட்டுகிறவர்கள், சீரியல் செட் கட்ட ஏறிய பையன்கள். சுலபமாக அறுபதைத் தாண்டும். "இலைக்கு இவ்வளவு" என்று மொத்தமாகப் பேசும்போது நாம் பத்து ரூபாய் குறைத்தால் 10,000 ரூபாய் மிச்சம் என்று சந்தோஷப்படுவோம். அரிசிக் கடைக்காரர் விலையைக் குறைக்க மாட்டார். சிலிண்டர் விலை குறையாது. மாஸ்டர் தன் லாபத்தில் கை வைக்க மாட்டார். அந்தப் பத்தாயிரமும் காய் வெட்டுகிற பெண்ணின் கூலியிலும் இலை எடுக்கிறவர் கூலியிலும்தான் கழியும். ஆகவே சாமான் தனி, கூலி தனி என்று இரண்டாகப் பேசுங்கள். சாமானை நீங்களே வாங்கிப் போட்டு, அதில் பேரம் பேசுங்கள். கூலியில் யார் யாருக்கு எவ்வளவு என்று மாஸ்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். முதலில் முகம் சுளிப்பார். நல்ல மாஸ்டர் சொல்லிவிடுவார். சொல்ல மறுக்கிறவரிடம் வேலை கொடுப்பதற்கு முன் ஒரு தடவை யோசிக்கலாம்.

இலை எடுக்கிற அம்மாமார்களைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். மேசை ஓரமாக நடந்துகொண்டே இலையை இரண்டு கையாலும் உள்பக்கமாகச் சுருட்டி, அதற்குள் சிக்கிய ஐஸ்கிரீம் கப்பையும் டிஷ்யூவையும் பாட்டிலையும் விரலால் கிண்டி எடுத்துத் தனிக் கூடையில் போட வேண்டும். ரசமும் பாயசமும் முழங்கை வரை வழியும். அடுத்த பந்திக்காரர்கள் பின்னால் நாற்காலியைப் பிடித்தபடி நிற்பார்கள், அதனால் ஓட்டம்தான். பிரிக்க நேரமில்லாவிட்டால் பிளாஸ்டிக்கோடு இலை சுருண்டு போகும். அதை மாடு தின்னும். மாடு தின்னாதது ராமையன்பட்டிக் குப்பைக் கிடங்குக்குப் போகும். அங்கே தீப்பிடித்துப் புகை சூழ்வது நெல்லைக்காரர்களுக்குத் தெரியாததல்ல. மேசையில் பிளாஸ்டிக் விரிப்பு, கப், உறிஞ்சுகுழல் எதுவும் வைக்காவிட்டால் அந்த அம்மாவின் வேலை பாதியாகும். 2019 ஜனவரி முதல் இவற்றுக்கு மாநிலத்தில் தடை இருப்பதால், இதைச் சலுகை என்று நினைக்கவும் வேண்டியதில்லை.

அவர்கள் சாப்பிடும்போது மணி நாலு ஆகியிருக்கும். வடை தீர்ந்திருக்கும், கூட்டு அடிப்பிடித்திருக்கும், ஆக்குப்புரைக்குப் பின்னால் சாக்கை விரித்து உட்கார்வார்கள். இதை மாற்றுவதற்குப் பெரிய செலவில்லை. தலை எண்ணிக்கையிலேயே வேலை செய்கிற அறுபது பேரையும் சேர்த்துவிடுங்கள். முதல் பந்திக்கு வாளி கிளம்பும் முன், அறுபது பேர் பங்கைத் தனியாக எடுத்து மூடி, சூட்டோடு வையுங்கள். வடையை எண்ணி வையுங்கள். இல்லாவிட்டால் வடை நிற்காது. பந்தி முடிந்ததும் அதே ஹாலில், அதே மேசையில் தலைவாழை இலை போட்டு, கல்யாண வீட்டு ஆட்கள் விளம்ப வேண்டும். காய் வெட்டியவர்களும் இரவெல்லாம் விழித்தவர்களும் அதுவரை காத்திருக்க வேண்டாம். காலை டிபனிலேயே அவர்களை உட்காரவைத்துவிடலாம்.

கூலியை அன்றைக்கே, ஆளுக்கு ஆள் கையில் கொடுங்கள். "கணக்குப் பாத்துட்டு நாளைக்குத் தாரேன்" என்றால் மறுநாள் அவர்கள் அலைகிற பஸ் காசும் அரை நாள் வேலையும் போகும். வரவேற்பு முடிந்து ராத்திரி பதினொன்றரைக்கு முக்கூடலுக்கும் சேரன்மகாதேவிக்கும் பஸ் தேடி நிற்கிற பெண்களுக்கு ஒரு வேன் பேசிவிடுங்கள். மணமேடைப் பூச்செலவில் அது எந்த மூலைக்கு. விளம்ப வருகிற பையன்களில் 14 வயதுக்குக் கீழே யாரும் இருக்கக் கூடாது, இது சட்டம். பள்ளிக்கூடப் பையன்களைக் கொதிக்கிற சாம்பார் வாளி தூக்கவிடாதீர்கள். மண்டபத்துச் செப்டிக் டேங்க் நிரம்பி வழிந்தால் அவசரத்துக்கு ஆளை இறக்குவோம் என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். 2013-ம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம், உயிர் போகிற வேலையும்கூட. கழிவுநீர் லாரியை முதல் நாளே வரவழைத்துக் காலி பண்ணச் சொல்லுங்கள்.

ஆடம்பரம் நாலு பேருக்கு வேலை கொடுக்கிறதே என்று ஒரு வாதம் உண்டு. பாதி சரி. எந்த ஆடம்பரம் என்பதைப் பொறுத்தது. எல்இடி சுவர், ட்ரோன், வெளிநாட்டுப் பூவால் கட்டிய மேடை ஆகியவற்றில் கொட்டும் பணத்தில் பெரும்பகுதி வாடகைக்கு விட்டவருக்கும் வெளியூர் வியாபாரிக்கும் போகும். அதே தொகையில் ஒரு பங்கைப் பத்தமடைப் பாய்க்குக் கொடுத்துப் பாருங்கள். தாமிரபரணிக் கரையில் அறுத்த கோரையை நாராகக் கிழித்து, தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, சாயம் ஏற்றி, நூலோ பட்டோ பாவாக ஓட்டி, பெண்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து நெய்கிறார்கள். மணமக்கள் பெயரைப் பாயிலேயே நெய்து கொடுப்பார்கள். நயம் பாய் ஒன்றுக்கு வாரக்கணக்கில் வேலை இருக்கிறது. அதனால் கல்யாணத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே சொல்ல வேண்டும். பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுங்கள்; கோரையும் நூலும் வாங்க அவர்கள் வட்டிக்கு எடுக்காமல் இருக்கட்டும். நயம் பாய் துணிபோல மடியும், மடித்த இடத்தில் உடையாது. பிளாஸ்டிக் பளபளப்பு இருந்தால் அது வேறு சரக்கு. பத்தமடைக்கே போய் நெய்கிறவரிடமோ சங்கத்திலோ வாங்கினால் நடுவில் கை குறையும். அப்பளத்துக்குக் கல்லிடைக்குறிச்சி இருக்கிறது. 1000 இலைக்கு 1100 சொல்லுங்கள், உடைசல் போகும். பூவைக் கிலோவாக வாங்கி, கட்டுகிற கூலியை நேராகப் பெண்களிடம் கொடுத்தால் கட்டிய சரத்தை வாங்குவதைவிடச் செலவு கூடாது.

சாப்பாடு வீணாவதைவிட நாங்கள் அதிகம் கவலைப்படுவது, ஒருவரைப் பார்த்து இன்னொருவர் செய்கிற விஷயத்தைப் பற்றித்தான். மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் பீடி சுற்றுகிற வீடுகளில் கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. சுற்றியதில் கழித்துப் போட்ட பீடிக்குக் காசு வராது. அந்த வீட்டுப் பெண்ணும் நம் கல்யாணத்துக்கு வந்து மேடையை, வகையை, சீர்வரிசைத் தட்டை எண்ணிவிட்டுத்தான் போவாள். அடுத்த வருஷம் அவள் மகளுக்கு மாப்பிள்ளை வீட்டார் கேட்கிற பேச்சில் நம் மண்டபம் அளவுகோலாக வந்து நிற்கும். பிறகு குழுக் கடன், நகைக் கடன், கடைசியில் கந்துவட்டி. மாசம் நூற்றுக்குப் பத்து ரூபாய் என்றால் வருஷத்துக்கு 120 சதவீதம். கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு கல்யாணத் தேதியைத் தள்ளிப்போட யாராலும் முடிவதில்லை.

அதனால் ஊர் கண்ணில் படுகிற இடத்தில் குறைத்து, படாத இடத்தில் கூட்டுங்கள் என்கிறோம். நுழைவாயில் வளைவு, தட்டு வரிசை, எத்தனை பவுன் என்ற பேச்சு, பட்டாசு இவற்றில் கத்தரி வைக்கலாம். கூலியிலும் காய்கறித் தரத்திலும் நெய்யிலும் தாராளம் காட்டலாம். சாப்பிடுகிறவருக்கு அது நாக்கில் தெரியும், பார்க்கிறவருக்குப் போட்டியாகத் தெரியாது. மொய்யை மைக்கில் வாசிக்க வேண்டாம். நூறு ரூபாய் எழுதுகிறவர் பெயருக்கு அடுத்து பத்தாயிரம் எழுதியவர் பெயரை வாசித்தால் முன்னவர் அடுத்த விசேஷத்துக்கு வராமல் இருந்துவிடுவார். வீட்டில் வேலை செய்கிறவர்கள் மொய் எழுத வந்தால், நோட்டில் உட்கார்ந்திருப்பவர் "ஒங்ககிட்ட மொய் வாங்கக் கூடாதுன்னு மதினி சொல்லிட்டாவ, போய்ச் சாப்பிடுங்க தாயி" என்று சொல்லும்படி முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். எழுதிவிட்டால் அது கடன்; திரும்பச் செய்யும்போது கூட்டித்தான் செய்ய வேண்டும் என்கிற கட்டாயம் இரண்டு பக்கமும் ஓடும்.

தனியாக ஒரு தொகை ஒதுக்குவதென்றால் செலவெல்லாம் முடிந்தபின் பார்த்துக்கொள்வோம் என்று விடாதீர்கள். கல்யாணம் முடிந்தபின் எந்த வீட்டிலும் பணம் மிஞ்சுவதில்லை. பட்ஜெட் 20 லட்சம் என்றால் மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்கும் நாளிலேயே நூற்றுக்கு ஐந்து என்று ஒரு லட்சத்தை வேறு கணக்கில் போட்டுவிடுங்கள். நூற்றுக்கு ஐந்து எங்கள் பழக்கம், கூடவும் செய்யலாம். வேலை செய்த அறுபது பேரில் யார் வீட்டுப் பிள்ளை பாலிடெக்னிக்கோ நர்சிங்கோ படிக்கிறது என்று மாஸ்டரைக் கேட்டால் தெரியும். பீஸை நேராகக் கல்லூரியில் கட்டி ரசீதைப் பிள்ளையிடம் கொடுத்துவிடலாம். பத்திரிகையில் அச்சடிக்க வேண்டாம்.

அந்தத் தொகையில் உதவக்கூடிய இன்னொரு இடம் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரி. உள்ளே படுத்திருக்கும் நோயாளிக்கு ஆஸ்பத்திரிச் சாப்பாடு வந்துவிடும். கூட வந்தவர்கள் வராந்தாவிலும் மரத்தடியிலும் பாய் விரித்துக் கிடப்பார்கள். களக்காடு, ராதாபுரம் பக்கத்திலிருந்து வந்து ஒரு வாரம், பத்து நாள் தங்க வேண்டியவர்கள் கையில் மூன்றாம் நாளே காசு தீர்ந்திருக்கும். அங்கே கல்யாண மிச்சத்தைக் கொண்டுபோகாதீர்கள். சாதாரண நாள் ஒன்றில், ராத்திரி ஏழரைக்குள், ஆளுக்கு நாலு இட்லி என்று புதிதாக அவித்துக் கொண்டுபோங்கள். முதலில் ஆஸ்பத்திரியில் அனுமதி கேளுங்கள். நோயாளி கையில் கொடுக்காதீர்கள்; உப்பும் சர்க்கரையும் ஒதுக்கியவர்கள் இருப்பார்கள். பிளாஸ்க் வைத்திருப்பவர்களுக்கு வெந்நீர் கொடுங்கள், இட்லியைவிட அதற்குத்தான் அதிகம் பேர் நிற்பார்கள். தேங்காய்ச் சட்னி வேண்டாம். நல்லெண்ணெய் குழப்பிய மிளகாய்ப் பொடியை இட்லியிலேயே தடவி வாழை இலையில் மடித்துவிட்டால், ஸ்கேனுக்குப் போனவர் பத்து மணிக்குத் திரும்பி வந்து பிரித்தாலும் கெட்டிருக்காது.